கோங்க் கிராமம்: போகிறவர்கள் ஒரு இரவாவது தங்குங்கள்

தென் பிரான்சில் அவேரோன் மாவட்டத்து மலை மடிப்பு ஒன்றில் இருக்கிறது கோங்க். பழைய ஊரில் முந்நூறு பேர்கூட இல்லை. ஆனால் பதினோராம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டிய மடாலயத் தேவாலயம், அதன் வாசல் மேல் 124 உருவங்களோடு பொதுத்தீர்வைச் (உலக முடிவில் வரும் இறுதித் தீர்ப்பு) சிற்பம், ஆயிரம் வருஷப் பழமையான ஒரு பொற்சுரூபம், ஓவியர் பியேர் சூலாழ் செய்த கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் அந்தச் சின்ன ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்க ஐந்து நிமிஷம் ஆகாது.

அந்த ஐந்து நிமிஷம்தான் ஆளை ஏமாற்றுகிறது. சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்கள் பதினொரு மணிக்கு இறங்கி, வாசல் சிற்பத்தைப் போட்டோ எடுத்து, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குள் ஏறிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் வந்தால் கோங்க்கில் பார்க்க வேண்டியதில் பாதி கண்ணில் படாது. உச்சி வெயிலில் சிற்பம் நிழலில் இருக்கும், உள்ளே ஜன்னல்கள் வெறும் வெளுப்பாகத் தெரியும், பொக்கிஷ அறையில் கூட்டம் முட்டும். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடலாம்: இங்கே ஒரு இரவு தங்குங்கள். அதற்கு வழியில்லை என்றால் பிற்பகல் நான்கு மணிக்கு வந்து இரவு பத்துக்கு மேல் கிளம்புங்கள்.

போகும் வழி: பக்கத்துப் பெரிய ஊர் ரோதேஸ், சுமார் 40 கிலோமீட்டர். பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரோதேஸுக்கு இரவு ரயில் உண்டு. காலையில் இறங்கி அங்கேயே கார் வாடகைக்கு எடுத்துக்கொள்வதுதான் சுலபம். ஊர் பஸ்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். இந்தப் பகுதியில் அவை குறைவு, பள்ளி விடுமுறையில் இன்னும் குறைவு. ரோதேஸிலிருந்து மார்சியாக் வழியாகப் போகும் சாலை சிவப்பு மண் பூமியைத் தாண்டி, திராட்சைச் சரிவுகளைத் தாண்டி, கடைசியில் தூர்து ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்குக்குள் இறங்கும். வளைவுகள் அதிகம். முக்கால் மணி நேரம் என்று வரைபடம் காட்டினால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோதேஸில் அரை நாள் கிடைத்தால் சூலாழ் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். 2014-ல் திறந்தது. கோங்க் ஜன்னல்களுக்காக அவர் வரைந்த முழு அளவு வரைபடங்களும் செய்து பார்த்த கண்ணாடிச் சோதனைத் துண்டுகளும் அங்கே இருக்கின்றன. வரிசையை மாற்றிப் போனாலும் தவறில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு கோங்க்குக்கு வருகிறவருக்கு ஜன்னலில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

கார் ஊருக்குள் போகாது. மேலே உள்ள கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்துதான் இறங்க வேண்டும். தெருக்கள் எல்லாம் சிஸ்ட் என்ற அடுக்குப்பாறைக் கல் பாவியவை, சரிவு அதிகம். மழை பெய்தால் அந்தக் கல் சோப்புத் தடவியது மாதிரி வழுக்கும். பிடிமானமுள்ள ரப்பர் அடியுள்ள செருப்போ ஷூவோ வேண்டும். உருட்டுப் பெட்டி கொண்டுவந்தால் சக்கரம் கல் இடுக்கில் மாட்டும். இரவு தங்குகிறவர்கள் தேவையானதை மட்டும் முதுகுப் பையில் எடுத்து வாருங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்களோடு வந்தால் தேவாலயச் சதுக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குக் கீழே போகிற ஷார்ல்மாஞ் தெரு, ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதிகம் சிரமம் தரும். சக்கர நாற்காலிக்கு இந்த ஊர் உண்மையிலேயே கடினம்.

ஊர்ப் பெயர் சங்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். எதிர்ப்புற மலையில் பான்கரெல் என்ற காட்சி முனையில் நின்றால் காரணம் புரியும்: ஊஷ் ஓடை தூர்துவோடு சேரும் இடத்தில், கிளிஞ்சல் குழிவு மாதிரி வளைந்த தெற்குச் சரிவில் வீடுகள் படிப்படியாக அமர்ந்திருக்கும். எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தாதோன் என்ற துறவி தனியாக வந்து தங்கிய இடம் இது. 819-ல் பேரரசர் லூயி இந்த மடத்துக்குப் பட்டயம் கொடுத்தார். ஆனால் மடம் ஏழையாகவே இருந்தது. மலைக்குள் ஒதுங்கிய மடத்துக்கு யார் வருவார்கள்?

யாத்திரிகரை வரவழைக்க ஒரு புனிதரின் அருளிக்கம், அதாவது வணங்குவதற்கான உடல் எச்சம், வேண்டியிருந்தது. அழான் நகரில் புனித ஃபுவாவின் எலும்புகள் இருந்தன. ரோமர் காலத்தில் விசுவாசத்துக்காக உயிர் விட்ட சிறுமி அவள். பன்னிரண்டு வயது என்கிறது மரபு. கோங்க் துறவி ஒருவர் அழானுக்குப் போய் அங்குள்ள சமூகத்தில் சேர்ந்து, வருஷக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்து, கல்லறைக் காவலே தன் கைக்கு வந்த பிறகு ஓர் இரவில் எலும்புகளை எடுத்துக்கொண்டு வந்தார். இது நடந்தது 866 வாக்கில். மடத்தார் இதைத் திருட்டு என்று ஒளிக்கவில்லை. புனிதையே இங்கு வர விரும்பினாள் என்று எழுதியே வைத்தார்கள். ஊரில் இன்று பார்க்கிற எல்லாமே அந்த ஓர் இரவிலிருந்து கிளைத்தவை. வழிகாட்டியுடன் சுற்றினாலும் தனியாகச் சுற்றினாலும் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இல்லாவிட்டால் பொக்கிஷ அறை வெறும் நகைக் கடையாகத் தெரியும்.

இனி வாசல் சிற்பம். பிரெஞ்சில் டிம்பான் என்பார்கள்: கதவு நிலைக்கு மேலே வளைவுக்குள் அடங்கும் அரைவட்டக் கற்பரப்பு. இது பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, ஆறரை மீட்டருக்கு மேல் அகலம், மூன்றரை மீட்டருக்கு மேல் உயரம். மேற்கு நோக்கிய வாசல் என்பதால் மாலையில்தான் வெயில் நேராக விழும். மஞ்சள் சுண்ணாம்புக் கல் அப்போது தேன் நிறமாகும், மூக்குகளும் விரல்களும் நிழலோடு எழுந்து நிற்கும். சின்ன பைனாகுலர் ஒன்று எடுத்து வாருங்கள். கழுத்து வலிக்காமல் பார்க்க சதுக்கத்தின் பின்பக்கம் தள்ளி நிற்கலாம்.

படிக்கும் முறை இப்படி. நடுவில் கிறிஸ்து. வலக்கை மேலே, இடக்கை கீழே. நம் இடப்பக்கம் மோட்சம், வலப்பக்கம் நரகம். இடப்பக்கம் நடு வரிசையில் முதலில் மரியன்னை, பிறகு சாவியோடு இராயப்பர் (பேதுரு), பிறகு அந்தத் தாதோன் துறவி, பிறகு ஒரு மடாதிபதி. அந்த மடாதிபதி ஒரு ராஜாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார். ராஜா பேரரசர் ஷார்ல்மாஞ். அவர் முதுகு வளைந்திருப்பதைக் கவனியுங்கள்: சொந்தப் புண்ணியத்தில் அல்ல, மடத்துக்குச் செய்த தானத்தின் பலத்தில்தான் அவர் உள்ளே வருகிறார் என்று சிற்பி சொல்லிவிட்டார். மடத்துக்கு நிலம் கொடுக்க யோசித்துக்கொண்டு வாசலில் நின்ற பிரபு ஒவ்வொருவருக்கும் இது புரிந்திருக்கும்.

அதற்குக் கீழே, எளிதில் தவறவிடும் மூலையில், ஒரு சிறுமி தரையில் குனிந்து வணங்குகிறாள். மேகத்திலிருந்து ஒரு கை மட்டும் இறங்கி அவள் தலைக்கு மேல் நீள்கிறது. அதுதான் ஃபுவா. அவளுக்குப் பின்னால் வளைவுகளில் இரும்பு விலங்குகள் தொங்குகின்றன. அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். சிறைப்பட்டவர்களை விடுவிக்கிற புனிதை என்று அவளுக்குப் பேர். விடுதலையானவர்கள் தங்கள் விலங்கைக் கொண்டுவந்து இங்கே காணிக்கையாகக் கட்டினார்கள். விலங்குகள் இத்தனை சேர்ந்துவிட்டதால் அவற்றை உருக்கிக் கதவுகள் செய்தார்கள் என்று பதினோராம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார் ஆன்ழே நகரத்து அறிஞர் பெர்னார். தேவாலயத்துக்குள் பீடத்தைச் சுற்றி நிற்கும் இரும்புக் கிராதியும் அந்த விலங்குகளால் ஆனது என்பது ஊர் வழக்கு. உள்ளே போனதும் அந்தக் கிராதியின் சுருள்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

நரகப் பக்கம்தான் எல்லோரும் நிற்பார்கள். குதிரையோடு தலைகீழாக விழும் வீரன், கழுத்தில் பணப்பையோடு தொங்கும் கஞ்சன், தன் தொழில் கருவிகளோடு மாட்டிய கள்ள நாணயக்காரன், வேட்டையாடியவனை நெருப்பில் வாட்டும் முயல். தராசில் சம்மனசும் (தேவதூதரும்) பிசாசும் எதிரெதிர் நிற்க, பிசாசு தன் பக்கத் தட்டை விரலால் அழுத்துகிறது. தவறு செய்த துறவிகளுக்கும் நரகத்தில் இடம் இருக்கிறது. மடத்தின் சொந்த வாசலிலேயே அதைச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம். அடியில் ஓடும் லத்தீன் வரி பாவிகளை நேரடியாக அழைத்து, நடத்தையை மாற்றிக்கொள்ளாவிட்டால் கடுமையான தீர்ப்பு காத்திருக்கிறது என்கிறது. பழைய வண்ணத்தில் நீலமும் சிவப்பும் இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கின்றன. நீலம் பெரும்பாலும் மோட்சத்தின் பக்கம், சிவப்பு நரகத்தின் பக்கம்.

கடைசியாக வெளி வளைவின் விளிம்பைப் பாருங்கள். நாடா மாதிரி ஓடும் கல் பட்டைக்குப் பின்னாலிருந்து சின்னச் சின்ன முகங்கள் எட்டிப் பார்க்கும். விரல் நுனிகளால் பட்டையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய, உலக முடிவை வேடிக்கை பார்க்கிறார்கள். ஊர்க்காரர்கள் இவர்களை ஆவல்காரர்கள் என்றே அழைக்கிறார்கள். பைனாகுலர் இல்லாமல் இவர்கள் கண்ணில் படுவது அபூர்வம்.

உள்ளே நுழைந்தால் முதலில் தோன்றுவது உயரம். நடுக்கூடம் சுமார் 22 மீட்டர் உயரம்; அகலம் குறைவானதால் அதைவிட உயரமாகத் தெரியும். மொத்த நீளம் 56 மீட்டர்தான். யாத்திரைத் தேவாலயத்துக்கு இது குட்டை. காரணம் நிலம்: மலைச்சரிவில் நீட்ட இடமில்லை, அதனால் குறுக்குக் கூடத்தை அகலமாக்கினார்கள். கூரை கல் வளைவு. அது சுவர்களை வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க இரு பக்கமும் மேல்மாடம் கட்டி, அதன் அரை வளைவுக் கூரையை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குக் கொடுத்த விலை வெளிச்சம். நடுக்கூடத்துக்கு நேராக ஜன்னல் இல்லை. மேல்மாடத்தையும் பக்கக் கூடத்தையும் தாண்டித்தான் ஒளி வர வேண்டும். பீடத்தைச் சுற்றி வரும் பாதையும் காரணத்தோடு போட்டதுதான்: பீடத்தில் பூசை நடக்கும்போதே கூட்டம் பின்னால் சுற்றி வந்து அருளிக்கத்தை வணங்கிப் போகலாம்.

சூலாழின் வேலையைப் புரிந்துகொள்ள இந்த ஒளிப் பஞ்சத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 1919-ல் ரோதேஸில் பிறந்தவர் அவர். சிறு வயதில் இந்தத் தேவாலயத்தைப் பார்த்துத்தான் ஓவியராக முடிவெடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1986-ல் அரசு இந்தப் பணியைக் கொடுத்தது, 1994-ல் முடிந்தது. மொத்தம் 104 திறப்புகள். முன்பு இருந்தவை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வைத்த, உருவங்களோடு கூடிய வண்ணக் கண்ணாடிகள். அவற்றை எடுத்துவிட்டு நிறமே இல்லாத கண்ணாடியைப் பொருத்தியபோது ஊரில் எதிர்ப்பு இருந்தது.

நிறமில்லை என்றாலும் சாதாரணக் கண்ணாடி இல்லை. ஒளி வரும், வெளியே இருப்பது தெரியாது. சந்தையில் அப்படி ஒன்று கிடைக்காததால் நூற்றுக்கணக்கான சோதனைகளுக்குப் பிறகு புதிதாகவே ஒன்றை உருவாக்கினார்: வெவ்வேறு பருமனில் பொடித்த நிறமற்ற கண்ணாடித் துகள்களைச் சூளையில் உருக்கி ஒட்டவைத்த பலகை. துகள் பொடியாக இருக்கும் இடத்தில் ஒளி அதிகம் சிதறும், பெரிதாக இருக்கும் இடத்தில் நன்றாகக் கடக்கும். ஒரே பலகைக்குள் வெளிச்சம் கூடிக் குறைவது இதனால்தான். துலூஸ் கண்ணாடிக் கலைஞர் ழான்-தொமினிக் ஃப்ளூரி பட்டறையில் ஈயப் பட்டையில் கோத்தார்கள். ஈயக் கோடுகள் நேராக இல்லாமல் லேசாக வளைந்து சாய்ந்து ஓடும். சுற்றியுள்ள கல்லின் நேர்கோடுகளோடு போட்டி போடாமல் இருக்க அப்படி.

இதைப் பார்க்க ஒரே வழி உட்காருவது. நடுக்கூடத்து இருக்கையில் ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் பாருங்கள். காலையில் நீலச் சாயலில் இருந்த கண்ணாடி, வெயில் படும்போது சூடான ஆரஞ்சுக்குப் போகும். எதிர்ச் சுவரில் இருப்பது அதே நேரம் குளிர்ந்த சாம்பலாக இருக்கும். நிறம் கண்ணாடியில் இல்லை, வானத்திலிருந்து வருகிறது. பத்து நிமிஷத்தில் ஒரு சுற்று வருகிறவர் எல்லாமே பால் கண்ணாடி என்று நினைத்துப் போவதில் வியப்பில்லை. இருட்டுகிற நேரம் வெளியே வந்தும் பாருங்கள்; வெளிப்பக்கத்திலும் அந்தக் கண்ணாடி கல்லோடு ஒட்டிய ஒரு பரப்பாகவே தெரியும், கறுப்பு ஓட்டையாகத் தெரியாது.

தூண் தலைப்புகளில் மொத்தம் சுமார் 250 செதுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். வடக்குக் குறுக்குக் கூடத்தில் உயரத்தில் இருக்கும் மங்கள வார்த்தைச் சிற்பம் (தேவதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சி) ஒன்று போதும். மேல்மாடத்துத் தலைப்புகள் இரவில்தான் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். அதைப் பிறகு சொல்கிறோம்.

தேவாலயத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பொக்கிஷ அறைக்கும் ழோசெஃப் ஃபோ அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். மதியம் மூடும் நேரமும் பருவத்துக்கு ஏற்ப மாறும் நேரமும் உண்டு, பராமரிப்புப் பணிக்காக மூடுவதும் உண்டு. இந்த ஊருக்கு வந்து பொக்கிஷத்தைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு என்பதால், தங்கும் அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். திறந்தவுடன் முதல் அரை மணி நேரத்தில் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

அறையின் நடுநாயகம் ஃபுவாவின் சுரூபம். சிம்மாசனத்தில் அமர்ந்த நிலை, உயரம் 85 சென்டிமீட்டர். உள்ளே மரக்கட்டை, மேலே பொன் தகடு. முகத்தை உற்றுப் பாருங்கள்: அது சிறுமியின் முகம் இல்லை. உடலைவிடப் பெரிய, கடுமையான, ஆண் சாயலான முகம். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் செய்த ஒரு பொன் தலையை எடுத்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள். கண்கள் வெள்ளையும் கருநீலமும். பார்வை நம்மைத் தாண்டி மேலே போகும். ஆடை முழுக்க ரத்தினங்கள், ரோமர் காலத்துச் செதுக்குக் கற்கள், முத்து. ஒவ்வொரு காலத்து யாத்திரிகரும் கொடுத்ததை அந்தந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டே வந்ததால் வரிசையும் ஒழுங்கும் இருக்காது. கைகள் பிற்காலத்தவை, விரல்களுக்கிடையே சின்னக் குழல்கள், பூச் செருக.

இந்தப் புனிதைக்கு நகை ஆசை உண்டு என்று பழைய அற்புத நூல் சொல்கிறது: கனவில் வந்து மோதிரமும் வளையலும் கேட்பாளாம். மேலே சொன்ன பெர்னார்தான் அதை எழுதத் தொடங்கியவர். படித்த வடக்கத்தியர். 1013-ல் முதல்முறை வந்தபோது இந்தச் சுரூபத்தைப் புறச்சமய விக்கிரகம் என்று நினைத்தார். பிறகு அதற்காக வருந்தி எழுதினார். கிராமத்து ஜனங்களின் பக்தியைப் பார்த்து மனம் மாறிய அறிஞர் என்ற வகையில் அவர் சாட்சியம் விலை மதிப்பில்லாதது. இந்த வகைச் சுரூபங்கள் அன்று இந்த மலைப் பகுதி முழுக்க இருந்தன என்றும் அவரிடமிருந்தே அறிகிறோம். அந்தக் கால அமைப்போடு நமக்கு மிஞ்சியது இது ஒன்று.

பக்கத்தில் ஷார்ல்மாஞ்சின் ஏ என்ற, A எழுத்து வடிவப் பேழை இருக்கிறது. பேரரசர் தான் நிறுவிய மடங்களுக்கு ஆளுக்கொரு எழுத்துக் கொடுத்தார், முதல் எழுத்து கோங்க்குக்கு வந்தது என்பது கதை. இப்போதைய பேழை 1100 வாக்கில் மடாதிபதி மூன்றாம் பெகோன் காலத்து வேலை. கதை உண்மையில்லை என்பதால் பொருள் குறைந்துவிடாது. தன் பெருமைக்கு ஒரு மடம் எப்படிக் கதை கட்டியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பெகோன் 1087 முதல் 1107 வரை இருந்தார். பொற்கொல்லர் பட்டறைக்கும் சுற்றுமாடத்துக்கும் (மடத்து முற்றத்தைச் சுற்றிய வளைவு நடை) காரணமான இவருடைய கல்லறை தேவாலயத்தின் தெற்கு வெளிச்சுவரில் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்தப் பொன் எப்படி மிஞ்சியது என்பதுதான் ஊரின் உண்மையான பாரம்பரியம். பிரெஞ்சுப் புரட்சியில் நாடெங்கும் தேவாலயப் பொன்னையும் வெள்ளியையும் பறிமுதல் செய்து உருக்கினார்கள். கோங்க் மக்கள் துண்டு துண்டாக எடுத்துப்போய் வீடுகளிலும் தோட்டங்களிலும் ஒளித்து வைத்தார்கள், நிலைமை சரியானதும் திருப்பிக் கொடுத்தார்கள். அறையில் நிற்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்: கஷ்டப்பட்ட குடியானவர் வீட்டில், ஒரு குடும்பம் வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் பார்க்க முடியாத பொன் இருந்தது, அது திரும்பி வந்தது.

கட்டடத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சுற்றுமாடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லுக்காக உடைந்தது. இன்று ஒரு பக்க வளைவுகளும், நடுவில் பச்சைப் பாம்புக் கல் தொட்டியும்தான் மிச்சம். அங்கே ஒரு தூண் தலைப்பில் கொத்தனார்கள் கருவிகளோடு மதில் மேலே எட்டிப் பார்ப்பார்கள். இந்த இடத்தைக் கட்டியவர்களின் முகம் இதுதான், தேடிப் பிடியுங்கள். 1837-ல் அரசின் நினைவுச் சின்ன ஆய்வாளராக ப்ரோஸ்பர் மெரிமே வந்து நிலைமையை அறிக்கையாக எழுதிய பிறகுதான் தேவாலயத்தைக் காப்பாற்றும் வேலை தொடங்கியது. 1873-ல் பிரெமோன்த்ரே சபைத் துறவிகள் வந்தார்கள். இன்றும் அவர்கள்தான் வழிபாட்டையும் யாத்திரிகர் விடுதியையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இரவுக்கு வருவோம். யாத்திரைப் பருவத்தில் துறவிகளின் இரவு மன்றாட்டு எட்டரை மணி வாக்கில். பாடல் முடிந்ததும் யாத்திரிகரை முன்னால் அழைத்து ஆசீர் தருவார்கள், மதம் கேட்பதில்லை. பிறகு வாசலில் நின்று ஒரு துறவி சிற்பத்தை விளக்குவார். பிரெஞ்சில்தான், ஆனால் மேலே சொன்ன வரிசை தெரிந்திருந்தால் கை காட்டும் இடத்தை வைத்தே பின்தொடரலாம். அதன் பின் ஆர்கன் வாசிக்க, மேல்மாடத்தைத் திறந்துவிடுவார்கள். இதற்குச் சிறிய கட்டணம். குறுகிய சுழல் படி. உயரத்துக்குப் பயந்தவர்கள் கீழேயே உட்காரலாம். மேலே போனால் தூண் தலைப்புகள் கண் மட்டத்தில், விளக்கொளியில், இசை கீழிருந்து ஏறி வரும். கோங்க் தருகிற மிகச் சிறந்த ஒரு மணி நேரம் இது. பகலில் வந்து போகிறவர்களுக்கு இது கிடைப்பதே இல்லை.

தங்க இடம்: லு புய் ஊரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரைப் பாதையில் சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் கோங்க் வருகிறது. பலர் இங்கே நடையை முடிக்கிறார்கள், பலர் தொடங்குகிறார்கள். அதனால் மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் படுக்கை கிடைப்பது கஷ்டம். வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். மடத்து விடுதியில் பொதுப் படுக்கை அறையும் தனி அறையும் உண்டு, இரவுச் சாப்பாடு நீண்ட மேசையில் எல்லோரும் சேர்ந்து. உபசரிப்பது பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஷூவைக் கீழே கழற்ற வேண்டும். மூட்டைப்பூச்சிப் பயத்தால் பையைப் படுக்கை மேல் வைக்க விடமாட்டார்கள். முறைத்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பாதை முழுக்க இதே விதி. சொகுசு எதிர்பார்த்தால் ஊரிலுள்ள ஓட்டல் அறைகளைப் பாருங்கள்.

சாப்பாட்டில் அலிகோ என்ற உருளைக்கிழங்கு மசியலைச் சொல்லாமல் முடியாது. ஒரு கிலோ உருளைக்கிழங்குக்கு 400 கிராம் இளம் பாலாடைக்கட்டி, பூண்டு, வெண்ணெய், க்ரீம். மரக் கரண்டியால் ஒரே திசையில் அடித்துத் தூக்கினால் ஒரு முழம் நூலாக இழுபட வேண்டும், அறக் கூடாது. தட்டில் வந்ததும் நூல் இழுக்காமல் பொடிப்பொடியாக, ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருந்தால் அது மறுபடி சூடாக்கியது. சைவக்காரர்கள் தனியாகக் கேட்டு வாங்கலாம். வழக்கமாகச் சாசேஜோடு தருவார்கள். இன்னொன்று எஸ்தோஃபினாதோ: உப்பில்லாமல் காற்றில் மட்டும் உலர்த்திய வடகடல் மீனைப் பல நாள் ஊறவைத்து, வேகவைத்து, உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் மசித்து, மேலே சூடான வால்நட் எண்ணெய் ஊற்றுவது. கடலே இல்லாத மலையில் கடல் மீன் வந்தது லோத் ஆற்றுப் படகுகளால். குளிர்காலத்துச் சாப்பாடு, கோடையில் எல்லா இடத்திலும் கிடைக்காது. மார்சியாக் சிவப்பு ஒயின் இந்தச் சிவப்பு மண்ணின் மான்சுவா திராட்சையில் செய்தது, கொஞ்சம் முரட்டுச் சுவை, இந்த உணவுக்குப் பொருத்தம். மதியச் சமையலறை இரண்டு மணியோடு மூடிவிடும். தாமதித்தால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான். நவம்பர் முதல் மார்ச் வரை பல கடைகள் அடைத்திருக்கும்.

வீடுகளைப் பார்க்க விடியற்காலை நல்லது. அடித்தளம் சிஸ்ட் கல், மேலே மரச்சட்டத்துக்குள் நிரப்பிய சுவர், கூரையில் லோஸ் என்ற கற்பலகை. கூரையின் தாழ்வாரத்தில் பெரிய பலகைகள், உச்சியை நோக்கிப் போகப் போகச் சிறியவை. அடிக்கூரைக்கு வரும் தண்ணீரும் பாரமும் அதிகம் என்பதால் அந்த வரிசை. பழைய சுவர்க் கல்லிடுக்கில் சிமெண்ட் பூசிய இடங்களைப் பார்த்தால், சுவருக்குள் போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் உதிர்ந்திருக்கும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் மூச்சு விடும்.

கிளம்புகிற காலை, ஷார்ல்மாஞ் தெரு வழியாக இறங்கி பாரி வாசலைக் கடந்து ஆற்றுப் பாலத்துக்குப் போங்கள். தேவாலயமும் இந்தப் பாலமும் 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. குதிரை முதுகு மாதிரி வளைந்த குறுகிய கல் பாலம், கார் ஒன்றுதான் போகும். அதைத் தாண்டியதும் யாத்திரைப் பாதை காட்டுக்குள் செங்குத்தாக ஏறும். அரை மணி நேர ஏற்றத்தில் ஃபுவாவின் சிறிய சிற்றாலயம். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் எதுவும் இல்லை. வெளியே ஒரு மணி, கயிறு கைக்கெட்டும். நடந்து போகிறவர்கள் இழுத்துவிட்டுத்தான் போவார்கள். இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தேவாலயத்தின் மூன்று கோபுரங்களும் கற்கூரைகளும் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் முழுசாகத் தெரியும். காரை எடுக்க அதே வழியில் இறங்கி ஏற வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.